பின்பக்கத்துச் சுடுதண்ணீர்

காலில் இடித்துவிட்டதா? மன்னித்துக்கொள்ளுங்கள். கீழே வைத்தால் பிரேக் போடும்போதெல்லாம் இந்தப் பை நகர்ந்துவிடுகிறது. மடியில் வைத்துக்கொள்கிறீர்களா? கனமாக இருக்குமே. சரி, இந்தாருங்கள், பார்த்து. சாப்பாட்டுப் பை மாதிரிதான் தெரியும். டப்பா மேலே இருக்கிறது, காலி. அடியில் இருப்பது இரும்பு.

திறந்து பாருங்கள், ரகசியம் ஒன்றுமில்லை. சக்கரம். வண்டிச் சக்கரம் இல்லை, வால்வைத் திறக்கிற சக்கரம். குழாயின் மேல் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதில் இதை மாட்டித் திருப்பினால் தண்ணீர் போகும், மறுபக்கம் திருப்பினால் நிற்கும். இதைக் கழற்றிவிட்டால் வெறும் மொட்டைத் தண்டுதான். மூன்று மாதமாக இது என்னோடு போய் வருகிறது. காலையில் கம்பெனிக்கு, சாயங்காலம் வீட்டுக்கு. எதற்கு என்றுதானே பார்க்கிறீர்கள். என் மனைவி தமயந்தியும் அப்படித்தான் பார்க்கிறாள். "அதை வாசல்லயே வெச்சிட்டு வாங்க, உள்ள கொண்டாராதீங்க" என்கிறாள். இரும்புதானே, என்ன செய்துவிடும் என்றால் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நான் பீர் கம்பெனியில் வேலை செய்கிறேன். சிரிக்கிறீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அங்கே இருக்கிறேன், ஒரு வாய் குடித்ததில்லை. நம்பாவிட்டாலும் பரவாயில்லை. என் வேலை பாய்லர், நீராவி, தண்ணீர் இவற்றோடுதான். பெயர் தயாளன், சூப்பர்வைசர்.

கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். மாவு கலந்த தானியச் சாற்றைப் பெரிய அண்டாவில் கொதிக்க வைப்பார்கள். கொதித்ததும் உடனே ஆற வைக்க வேண்டும், அடுத்த வேலைக்கு அது குளிர்ந்திருக்க வேண்டும். அதை ஆற்றுவதற்குப் பச்சைத் தண்ணீரைப் பக்கத்துக் குழாயில் ஓட விடுவோம். சாறு குளிரும், தண்ணீர் சூடாகிவிடும். கை வைக்க முடியாத சூடு. சுத்தமான தண்ணீர், சாறு அதில் படுவதேயில்லை. அது ஒரு தொட்டிக்குப் போகும். அடுத்த அண்டாவுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வோம். தொட்டி நிரம்பியதும் மிச்சம் பின்பக்கக் குழாய் வழியாக மதில் சுவரைத் தாண்டி வெளியே போய்விடும். நான் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம்.

மதிலுக்கு அந்தப் பக்கம் கோட்டீஸ்வரி இருக்கிறாள். துணி வெளுக்கிறவள். ஊரில் இரண்டு பிரசவ ஆஸ்பத்திரிகள், இரண்டுக்கும் படுக்கை விரிப்பு, பச்சைக் குழந்தையைச் சுற்றுகிற துணி, எல்லாம் அவளிடம்தான் வரும். புருஷன் டி.வி.எஸ். வண்டியில் மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறக்குவான். எங்கள் குழாய் வாயில் அவளே சிமெண்டுத் தொட்டி கட்டி வைத்திருந்தாள். ரத்தக் கறை படிந்த துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டுமாம், சூட்டில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளுமாம். பிறகுதான் சுடுதண்ணீர். இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மதிலில் ஓர் இடத்தில் இரண்டு கல் பெயர்ந்திருந்தது. அதன் வழியாகப் பேசுவாள். "இன்னிக்கு எத்தினி பேட்ச்சுண்ணா?" மூன்று என்றால் முகம் மலரும். இரண்டு என்றால், "என்னாண்ணா, ஜனங்க குடியை விட்டுட்டாங்களா? நல்லதுதான், ஆனா நம்ம பொழப்பு போவுதே" என்பாள். எங்கள் ஃபிட்டர் ஏகாம்பரம் உள்ளேயிருந்து, "உனுக்காக நான் வேணா ரெண்டு பாட்டில் சேத்துக் குடிக்கிறேன்" என்பான். அவள் விடமாட்டாள். "நீ குடிக்கிற குடிக்கே ஒரு பேட்ச் தனியா போடணும்."

அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எரிபொருளைக் குறைக்க வேண்டும், கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும். தப்பு என்று யார் சொல்வார்கள்? பூமி சூடாகிறது, எனக்கும் தெரியும். இப்போது கார்த்திகையில் அளவில்லாமல் கொட்டுகிற மழையைப் பாருங்கள். நான் பாய்லருக்குப் பக்கத்தில் வயதைக் கழித்தவன். எத்தனை டேங்கர் எண்ணெய் புகையாகப் போனது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? கேட் பக்கத்தில் ஒரு பலகை வைத்தார்கள். ஒரு பெட்டி பீருக்கு எவ்வளவு புகை என்று ஓர் எண். கூடினால் சிவப்பு, குறைந்தால் பச்சை. உள்ளே நுழையும்போது எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவோம், கோயிலில் கொடிமரத்தைப் பார்க்கிற மாதிரி.

பிரசன்னா என்று ஒரு பையன் வந்தார். பையன் என்றால் முப்பத்திரண்டு வயது, எனக்கு அதிகாரி. நல்ல மனிதர், கெட்டவர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும், ஆனால் அவர் நல்லவர். கையில் ஒரு கேமரா வைத்திருந்தார், சூடு எங்கே வீணாகிறதோ அங்கே சிவப்பாகக் காட்டும். "தயாளன் சார், உங்களுக்குக் கேமராவே வேணாம், உங்க கையே போதும்" என்றார் ஒருநாள். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி யாரும் சொன்னதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன்? ஏதோ வந்துவிட்டது, விடுங்கள்.

ஆளுக்கொரு யோசனை எழுதித் தர வேண்டும் என்று ஒரு பெட்டி வைத்தார்கள். எழுதினார்கள். விளக்கை அணைக்கலாம், ஃபேனை நிறுத்தலாம், கேண்டீனில் டீயை இரண்டாம் தடவை சுட வைக்க வேண்டாம். இரண்டு மாதம் பெட்டி அங்கேயே இருந்தது. நான் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் போட்டேன். பின்பக்கக் குழாயில் போகிற சுடுதண்ணீரைப் பாய்லருக்குத் திருப்பினால் அவ்வளவு எண்ணெய் மிச்சம் என்று. படம் வரைந்து, அம்புக்குறி போட்டு.

ஏன் எழுதினேன்? நானும் மூன்று மாதமாகக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதியிருப்பார்கள். அப்படித்தான் தமயந்தியிடம் சொன்னேன். பிறகு ஏகாம்பரத்திடமும் சொன்னேன். அவன் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னான்: "எனக்குத் தெரியாதா சார் அந்தத் தண்ணி? பாய்லர்காரனுக்குத் தெரியாதா? லேபு பொண்ணுக்குக்கூடத் தெரியும். ரெண்டு மாசம் பெட்டி இருந்திச்சே. யாரும் எழுதல."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. மற்றவர்களுக்குப் படம் வரையத் தெரியாது, அதனால் இருக்கலாம்.

இந்த அம்மா இறங்குகிறார்கள் போலிருக்கிறது. உட்கார்ந்துகொள்கிறேன். பை அங்கேயே இருக்கட்டுமா? உங்களுக்குச் சிரமமில்லை என்றால் இருக்கட்டும்.

கூட்டம் போட்டார்கள். நான் சொல்லாமல் இல்லை, சொன்னேன். "பின்னால ஒருத்தங்க அந்தத் தண்ணிய உபயோகப்படுத்தறாங்க சார்" என்றேன். பிரசன்னா அக்கறையாகத்தான் கேட்டார். "நம்ம எல்லைக்குள்ளயா சார்?" திரையில் கம்பெனியின் வரைபடத்தைக் காட்டினார். சுற்றிலும் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டுக்குள் எரிவதும் புகைவதும்தான் நம்முடையது. கோடு பின்பக்க மதிலோடு ஒட்டிப் போயிற்று. நான் பார்த்தேன், தலையை ஆட்டினேன். வரைபடத்தில் அது சரியாகத்தான் இருந்தது.

அவர் அதோடு விடவில்லை. "அவங்களுக்கு ஏதாவது செய்யணும் சார்" என்று சொல்லி, சூரிய ஒளியில் தண்ணீர் காய்ச்சுகிற கருவி ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். அது வந்தும் விட்டது. ஆனால் கோட்டீஸ்வரி வீட்டில் ஓலைக்கூரை, மேலே வைக்க முடியாது. பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில் வைத்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள். இப்போது கிளார்க் அதில் முகம் கழுவுகிறார்.

ஆடி மாதம் புதுக் குழாய் போட்டார்கள். பின்பக்கக் குழாயில் ஒரு வால்வு வைத்து மூடினார்கள். மூடுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். திங்கள்கிழமை அவள் புருஷன் இருந்தான், அவன் முன்னால் எப்படிச் சொல்வது. புதன்கிழமை அவள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமையாயிற்றே என்று விட்டேன். சனிக்கிழமை வால்வு மூடியாயிற்று.

கல் பெயர்ந்த இடத்தில் வந்து நின்றாள். "இன்னாண்ணா, தண்ணி வர்ல?"

"பைப்புல வேலை நடக்குது" என்றேன்.

மூன்று நாள் நம்பினாள். தினமும் வந்து, "வேலை முடிஞ்சிச்சாண்ணா?" என்று கேட்டாள். நானும் தினமும், "இன்னும் முடியல" என்றேன். மூட்டைகளை அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டுக் காத்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாளும் வந்து நின்றாள். தானியம் கொதிக்கிற வாசனை உங்களுக்குத் தெரியாது, கம்பங்கூழும் வெல்லமும் சேர்ந்த மாதிரி இருக்கும், அரை மைல் வரும். மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள்.

"வாசனை வருது. தண்ணி வர்லியே சார்."

அன்றைக்குத்தான் சார் என்றாள். அதிலிருந்து சார்தான். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

அப்புறம் விறகு. சீமைக் கருவேலம். ஒரு பெரிய டிரம்மை மூன்று கல்லில் வைத்து எரிக்கிறாள். பச்சை விறகு என்றால் புகை மதிலைத் தாண்டி எங்கள் பக்கம் வரும். அந்தப் புகை நேராகப் பலகை இருக்கிற கேட் பக்கம் போகும். பலகையில் எண் பச்சையாக இருக்கும். புகையில் அது சரியாகத் தெரியாது. ஆய்வுக்கு ஆட்கள் வந்த அன்று அவளை அடுப்பு மூட்ட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்கள். யார் போய்ச் சொன்னது என்று நினைக்கிறீர்கள்? பழக்கம் இருக்கிறவன் நான்தானே.

ஒருநாள் கேண்டீனில் பிரசன்னாவிடம், "அந்த அம்மா எரிக்கிற விறகு எந்தக் கணக்குல சார் வரும்?" என்று கேட்டேன். "அது அவங்களோடது சார்" என்றார். டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது, மேலே போன பிறகு புகைக்கு எந்தக் கோடு என்று. கேட்டிருக்கலாம். எனக்கு எல்லாமே பஸ்ஸில்தான் தோன்றும்.

விழா நடந்தது. பொன்னாடை, ஒரு சான்றிதழ், பசுமைப் பரிசு என்று ஒரு தொட்டிச் செடி. என் பெயரைச் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். ஏகாம்பரமும் தட்டினான், சத்தம் வராமல்.

இந்தச் சக்கரத்துக்கு வருகிறேன். ஆவணி மாதம் பாய்லர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய்லருக்குள் போகிற தண்ணீரின் சூட்டை ஒரு மணிக்கொரு தரம் எழுதுவார்கள். மற்ற நாளெல்லாம் எண்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அறுபத்திரண்டு, அறுபது. நான்கு ஞாயிறு அப்படி. ஞாயிற்றுக்கிழமை யார் டியூட்டி என்று பார்த்தேன். ஏகாம்பரம். வால்வைத் திறந்துவிடுகிறான். வாரத்துக்கு ஒரு நாள், அவளுக்கு.

எனக்குப் பயமாகிவிட்டது. பிரசன்னா கண்டுபிடித்தால் அவன் வேலை போய்விடும், இரண்டு பெண் குழந்தைகள். அந்தக் குழாயில் மீட்டர் இல்லைதான். அந்த நோட்டைப் படிக்கிற ஒரே ஆள் நான்தான், அதுவும் உண்மை. ஆனாலும் என்றைக்காவது ஒருநாள் யாராவது கேட்கலாம் இல்லையா? அவனைக் காப்பாற்றத்தான் சக்கரத்தைக் கழற்றினேன். கம்பெனி அலமாரியில் வைத்தால் அவன் எடுத்துவிடுவான். அதனால் பையில்.

அவன் நினைத்திருந்தால் ஸ்பானர் போட்டுத் திருப்பியிருக்கலாம். ஃபிட்டர், ஒரு நிமிஷ வேலை. மொட்டைத் தண்டைப் பார்த்துவிட்டு, "யார் கழட்டினது?" என்று கேட்டான். நான் என்றேன். "சரி சார்" என்றான். அதோடு விட்டுவிட்டான். அவன் என்னோடு சண்டை போட்டிருக்கலாம்.

இன்றைக்கு நடந்தது இதுதான். மூன்று நாளாக மழை. அவள் விறகு முழுக்க நனைந்துவிட்டது. புகைதான் வருகிறது, தீ பிடிக்கவில்லை. ஒரு ஆஸ்பத்திரிக்காரர்கள் போன மாதமே நிறுத்திவிட்டார்கள். துணியில் புகை நாற்றம், குழந்தைகளுக்கு மூச்சு முட்டும் என்று. நியாயம்தானே, அவர்களையும் என்ன சொல்வது. மிச்சம் இருப்பது ஒன்று. அவர்களுடைய மூன்று நாள் துணி அழுக்காகக் கிடக்கிறது. நாளைக் காலை எட்டு மணிக்குள் வெளுத்து வராவிட்டால் வேறு ஊர்க்காரனுக்குக் கொடுத்துவிடுவோம் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார்களாம். மெஷின் வைத்திருக்கிறானாம்.

மத்தியானம் கல் பெயர்ந்த இடத்துக்கு வந்தாள். தலையில் உரச் சாக்கை மடித்துப் போட்டிருந்தாள்.

"சார், ஒரே ஒரு பேட்ச். இன்னிக்கு மட்டும். அரை மணி நேரம் வுட்டா போதும், தொட்டி ரொம்பிடும். அதுக்கப்புறம் நான் உங்களை எதுவும் கேக்க மாட்டேன்."

"என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அப்போது பை என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் பையைப் பார்க்கவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும். "பெரியவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க சார்" என்றாள். கேட்கிறேன் என்றேன். பிரசன்னா அறை வரை போனேன். கண்ணாடிக் கதவுக்குள்ளே லேப்டாப்பில் பேசிக்கொண்டிருந்தார். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது. அது இன்னும் மோசம்.

மூன்று மணிக்கு ஒரு பேட்ச் ஆறியது. குழாயில் தண்ணீர் வருகிற சத்தம் எனக்குத் தெரியும், உள்ளே யாரோ நீளமாக மூச்சு விடுவது மாதிரி. வால்வுக்கிட்டே போனேன். யாரும் இல்லை. சக்கரத்தை எடுத்துத் தண்டில் மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு கையாலும் பிடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் காலித் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், தென்னந்துடைப்பத்தால், சர் சர் என்று. தண்ணீர் வரப்போகிறது என்று நம்பித்தானே ஒருத்தி தொட்டியைத் தேய்ப்பாள்.

பிடித்துக்கொண்டு நின்றேன். நான் நினைத்ததெல்லாம் சொல்கிறேன். இன்றைக்குத் திறந்தால் நாளைக்கும் கேட்பாள். நாளைக்கும் திறந்தால் என் யோசனை பொய்யாகிவிடும். நோட்டில் எண்பது என்று இருக்க வேண்டிய இடத்தில் அறுபது விழும், என் கையாலேயே. பூமியையும் நினைத்தேன், சத்தியமாக. அரை மணி நேரச் சுடுதண்ணீருக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் என்றுகூட மனதில் போட்டுப் பார்த்தேன். அவ்வளவும் நினைத்து முடிப்பதற்குள் குழாயில் சத்தம் நின்றுவிட்டது. அரை மணி ஆகிவிட்டது. தேய்க்கிற சத்தமும் நின்றது.

சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு முன்பக்கக் கேட் வழியாக வந்துவிட்டேன். நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள். மேலே தலைமை அலுவலகம், அதற்கு மேலே கம்பெனியை வைத்திருக்கிற வெளிநாட்டுக்காரன், அதற்கும் மேலே வானம். நடுவில் நான் ஒரு சூப்பர்வைசர்.

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? பையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொரு பேட்ச் இருக்கிறது. ஏழு மணிக்கு ஆறும். இன்றைக்குக் கடைசி. ஏழரைக்குள் தொட்டி நிரம்பினால் ராத்திரியோடு ராத்திரியாக வெளுத்து, ஃபேன் காற்றில் காயப்போட்டு, காலையில் கொண்டுபோய்விடுவாள். அவளால் முடியும். மணி என்ன? ஐந்தே முக்காலா? அதோ எதிரே வருகிறதே, வெளிச்சம் போட்டுக்கொண்டு, அதுதான் திரும்புகிற பஸ். கம்பெனி வாசலிலேயே நிற்கும். ஆறே முக்காலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். இங்கே இறங்கிக் கையைக் காட்டினால் நிறுத்துவான், டிரைவருக்கு என்னைத் தெரியும்.

போகிறது பாருங்கள். கூட்டமே இல்லை, உட்கார இடம் இருந்திருக்கும்.

இதற்கு அடுத்தது எட்டு மணிக்குத்தான்.

என் ஸ்டாப் வந்துவிட்டது. பையைக் கொடுங்கள். இல்லை, நீங்கள் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், நானே வாங்கிக்கொள்கிறேன். டப்பா மேலே இருக்கிறதா பாருங்கள், சரி. இவ்வளவு நேரம் உங்கள் மடியில் கனத்திருக்கும். நாளைக்கு நான் இந்த பஸ்ஸில்தான் வருவேன். பார்த்தால் இடம் போடுங்கள்.